ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வரும்

விற்கும்போது பல்மருத்துவர் சொன்னது இரண்டே விஷயம்.
சாவித்துவாரம் ஸ்டியரிங் பக்கம் இல்லை,
இரண்டு சீற்றுக்கும் நடுவே, கியருக்குப் பின்னால்.
ரிவர்ஸில் போட்டால்தான் சாவி கழன்று வரும்.
மூன்றாவதை அவர் சொல்லவில்லை:
இதைச் செய்த கொம்பனி எப்போதோ மூடியாயிற்று.
மெல்பனுக்குப் போகிற அவசரம் அவருக்கு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சாப்.
நிறம், பதிவுப் புத்தகத்தில் பச்சை.
வெயிலில், அவித்த வல்லாரை.

வெள்ளவத்தை பிளாட்டின் கீழ்த்தளத்தில்
சத்தமில்லாமல் வந்து நிற்கும் ஹைபிரிட்களுக்கு நடுவே
இது மட்டும் இருமிவிட்டு நிற்கும்.
வாச்சர் சோமதாச அடியில் அட்டை விரித்து வைப்பார்.
காலையில் அதில் விழுந்த எண்ணெயைப் பார்த்து
"இன்றைக்குக் குறைவு" என்பார்,
அல்லது ஒன்றும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்குவார்.

சீற்றுக்குள் சூடேற்றி இருக்கிறது, பனிக்காலத்துக்காம்.
சித்திரை வெயிலில், பம்பலப்பிட்டிச் சந்தியில்
மகன் தெரியாமல் அதை அமத்திவிட்டான்.
துள்ளி எழும்பியவர் என் கணவரின் மேலதிகாரி.
அந்த வருடம் போனஸ் வரவில்லை.
கார்தான் காரணமென்று இன்றுவரை கணவர் சொல்கிறார்.

கூரைத்துணி தொங்கியபோது
குஷன்காரன் கேட்டது முப்பத்தையாயிரம்.
என்னிடம் இருந்தது நாற்பத்திரண்டு சேலை ஊசி.
கல்யாண வீடுகளுக்குப் போனால் இப்போது
கூரையிலிருந்து இரண்டைக் கழற்றிக் குத்திக்கொண்டுதான்
இறங்குகிறேன்.

பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினேன்.
டொயோட்டாவுக்கு இருந்தது. நிசானுக்கு இருந்தது.
ஒருவர் எனக்கு பிளேன்டீ தந்தார்.
கடைசியில் கொம்பனித்தெரு துவான் காமில்
சாக்கில் சுற்றிய ஒரு டர்போவைக் கொண்டுவந்தார்,
குழந்தையைப் போல இரண்டு கையாலும்.
எந்த விபத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை.
சீட்டுக் காசு முழுதும் போனது.
ஃபிரிட்ஜ் கதவுக்கு இன்னும் றப்பர் மாற்றவில்லை.

"மிஸ், வந்து நின்றவுடனே நிப்பாட்டக்கூடாது.
ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க.
உள்ளே சக்கரம் சுத்திட்டே இருக்கும்,
சூடு ஆறணும்."

அந்தச் சக்கரத்துக்காகத்தான் எல்லாம்.
காலி வீதியில் அதற்கு வேலையில்லை.
நூறாம் இலக்க பஸ்ஸின் புகைக்குப் பின்னால்
ஊசி படுத்துக் கிடக்கும்.
எப்போதாவது ஒரு விடியலில் கட்டுநாயக்கவுக்கு
யாரையாவது ஏற்றிக்கொண்டு போவேன்
(எங்கள் குடும்பத்தில் யாராவது போய்க்கொண்டே இருக்கிறார்கள்).
பேலியகொடை தாண்டி, அதிவேகப் பாதை, மூன்றாம் கியர்.
மிதித்தால் முதலில் ஒன்றுமில்லை.
ஒரு மூச்சளவு ஒன்றுமே இல்லை.
காது கேட்கவில்லையோ என்று நினைக்கும்போது
முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிறார்கள்.

திரும்பி வருகையில் பக்கத்துச் சீற் காலி.
தள்ளல் இன்னும் கொஞ்சம் கூட.

பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு கிடந்த மாதம்
அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தேன்.
அமத்தினால் எல்லா விளக்கும் அணைந்து
வேகமானி மட்டும் எரியும்.
பிழை என்றால் மட்டும் மற்றவை தாமாக விழிக்குமாம்.
வெளியே மின்வெட்டில் கொழும்பு,
முன்னால் ஆட்டோக்கள், அதற்கு முன்னாலும் ஆட்டோக்கள்.
பூச்சியத்தில் நின்ற ஊசியின் வெளிச்சத்தில்
சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.
அதற்குள் ஒரு முட்டை இருந்தது, எதிர்பார்க்கவில்லை.

போன கிழமை ஒருவர் இரும்பு விலைக்குக் கேட்டார்.
நல்ல விலை என்றார் கணவர்.
நல்ல விலைதான்.
முந்நூறு பேரின் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள் நான்,
எனக்குக் கூட்டத் தெரியும்.

இரவு எட்டரை. கீழ்த்தளம். எஞ்சின் ஓடுகிறது.
மேலே ஊறப்போட்ட உளுந்து இருக்கிறது,
பாதி பிரித்த பின்னக் கணக்கு இருக்கிறது.
போன் அடிக்கிறது. "வந்திட்டீரா?"
இன்னும் இல்லை என்கிறேன், டர்போ ஆறவில்லை.
அட்டையோடு வந்த சோமதாச
தூணருகே தள்ளி நிற்கிறார்.
நிமிடம் முடிந்து
கொஞ்ச நேரம் ஆகிறது.